மறுப்பு எழுதாத ஒய்பி

அரசியல்வாதியிடம் கிராணி வேலைக்குச் சேருகிறவளுக்கு முதலில் தெரிய வேண்டியது மறுப்பு அறிக்கை எழுதுவது. மற்ற எழுத்தர் வேலையெல்லாம் போகப் போகப் பழகிக்கொள்ளலாம். நான் அதில் கெட்டிக்காரி. நான் சொல்லப்போகிற இவரிடம் வருவதற்கு முன் இன்னொரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் இருந்தேன். அந்த மகராசன் காலையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார். மத்தியானம் அது இணையச் செய்தியில் வரும். சாயங்காலத்துக்குள் 'என் கூற்று திரித்துக் கூறப்பட்டுள்ளது' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அடித்து நான் அனுப்பியிருப்பேன். பழைய அறிக்கையைத் திறந்து தேதியையும் சங்கதியையும் மாற்றினால் முடிந்தது வேலை.

இங்கே சட்டமன்ற உறுப்பினரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒய்பி என்போம். பதவி போன பிறகும் என் வாயில் இவர் ஒய்பியாகவே இருந்தார். அதனால் இங்கேயும் பெயர் வேண்டாம், ஒய்பி என்றே இருக்கட்டும்.

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் சேவை மையம். கீழே பல் கிளினிக். பல் பிடுங்க வந்தவர்கள் சில பேர் வழி தவறி மாடியேறி எங்களிடம் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரரின் மையம் அவ்வளவுதான். ஆளுங்கட்சி மையம் என்றால் வாசலில் பெரிய பலகை இருக்கும், எங்களுடையது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் திருவிழாவில் ஒய்பி பேசும்போது, ஒலிபெருக்கிச் சத்தம் ரொம்ப அதிகம், பக்கத்து வரிசை வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். கோயில் மேடையில், கோயில்காரர்கள் போட்ட மாலையோடு நின்றுகொண்டு. மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் 'கோயில் விழாவுக்கு ஒய்பி எதிர்ப்பு' என்று வந்தது. நான் பதறியடித்து மறுப்பு எழுதி, அவர் காலையில் வந்ததும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க கிராணியம்மா. ஆனா சத்தம் அதிகம்னு நான் சொன்னேனே.”

சொன்னீர்கள், ஆனால் விழாவை எதிர்த்துச் சொல்லவில்லையே, அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நிர்வாகக் குழு முழுக்க முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் பாட்டுக்கு, ஆமாம், சொன்னேன், இப்போதும் சத்தம் அதிகம்தான் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அடுத்த வருஷம் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. மாலையும் இல்லை. அன்னதான வரிசையில் எல்லாரோடும் நின்று தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாம்பார் நன்றாக இருந்தது என்று அதே குழுவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இதுதான் அந்த மனிதர். வீம்பு என்று சொல்லலாம், ஆனால் வீம்பு பிடிக்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு திமிர் இருக்கும். இவர் முகத்தில் அது கிடையாது. சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது, அவ்வளவுதான். ஒரு தடவை நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். எப்படி இருக்கிறது என்று கேட்டது என் தப்பு. இந்தப் பச்சை உனக்கு எடுக்கவில்லை என்றார். மத்தியானம், கோபத்தை அடக்கிக்கொண்டு, நிஜமாகவா ஒய்பி என்று மறுபடி கேட்டேன். மனுஷன் என்றால் இரண்டாவது தடவையாவது சமாளிக்க வேண்டாமா? நிமிர்ந்து பார்த்து, யோசித்து, ஆமாம் என்றார். அந்தச் சேலையை அந்த வாரத்திலேயே இன்னொரு தடவை கட்டிக்கொண்டு போனேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அரசியலுக்கு வருவதற்கு முன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். சில்லறை லோரி இல்லை, துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிற நீள லோரி. காரில் போகும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தில் திரும்புவதென்றால் பின்னால் இன்னும் பெட்டி வருகிற மாதிரி எதிர்ப்பக்கம் வரைக்கும் ஒதுங்கி அகலமாகத் திரும்புவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற அவர் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். துறைமுகச் சாலையில் லோரிக்காரர்கள் கூடுகிற ஒட்டுக்கடை. அங்கே மணியம் அண்ணன் இருப்பார். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் ஒன்றாக வண்டி ஓட்டிய கூட்டாளிகள். மணியம் அண்ணன் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்தார். இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டார், இவர் காரை நிறுத்தும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிடுவார். சீனி போடாத வெறுந்தேநீரும் ரொட்டியும் மேசைக்கு வரும். பிறகு இரண்டு பேரும் வாடா போடா என்று பேசிக்கொள்வார்கள். ஒய்பியை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆள்தான். மனைவி நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சுபாங் ஜெயாவில் அடுக்குமாடி வீட்டில். நல்ல பையன், ஆனால் வேலை, வேலை என்று ஓடுகிறவன். வாரம் முழுக்க ஊர்க்காரர்களின் குறைகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் இவரிடம் பேச ஆள் கிடையாது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார். கட்சிக் கூட்டம் இருந்தாலும் பசியாறிவிட்டுத்தான் வருவார்.

அப்போது கடல் தாண்டி ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. எந்தப் போர் என்று சொன்னால் இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் சண்டை வரும், அதனால் சொல்லவில்லை. அந்தப் போருக்கான சரக்கு நம் ஊர்த் துறைமுகங்கள் வழியாகவும் போகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. உண்மையா பொய்யா என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் 'போர் வேண்டாம்' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பேசக் கூப்பிட்ட பெரிய தலைகள் எல்லாம் நழுவிவிட்டார்கள். இவர் வருகிறேன் என்றுவிட்டார். கட்சியில் கேட்டீர்களா என்றேன். போர் வேண்டாம் என்று சொல்ல யாரைக் கேட்க வேண்டும் என்றார்.

மண்டபத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை என்று பார்த்தால் ஒரே ஒரு நிருபர், அவரும் வேறு எங்கோ போகிற வழியில் எட்டிப் பார்த்தவர். இவர் சுருக்கமாகத்தான் பேசினார். எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

“நான் லோரி ஓட்டினவன். சீல் போட்ட பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அதுல குண்டு இருந்து, அது போய் ஒரு பிள்ளை மேல விழுந்திருந்தா, அந்தக் கொலையில எனக்கும் பங்கு உண்டு. இனிமே எந்த நாட்டுச் சண்டைக்கும் நம்ம ஊர்ல இருந்து ஒரு பெட்டி போகக் கூடாது. நீ யார் பக்கம்னு என்னைக் கேக்காதீங்க. செத்தவங்க பக்கம்.”

கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷம் எத்தனை பேச்சு கேட்டிருக்கிறேன், அரசியல்வாதி தன்னையே குற்றம் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை.

நிருபர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கூட்டத்துக்கும் எல்லாரும் போக முடியாது. ஒருவர் போவார், எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போடுவார், மற்றவர்கள் அதை எடுத்துக் கொஞ்சம் மாற்றித் தங்கள் செய்தியாகப் போட்டுக்கொள்வார்கள். நேரம் மிச்சம், பெட்ரோலும் மிச்சம். அந்த ஒரு நிருபர் அவசரத்தில் நாலு வரி எழுதிக் குழுவில் போட்டிருக்கிறார். அந்த நாலு வரியில் 'நான்' இல்லை. 'எனக்கும் பங்கு' என்றது 'லோரி ஓட்டுநர்களுக்கும் பங்கு' என்று ஆகியிருந்தது. மலாய் இணையத்தளம் அதைப் பார்த்து எழுதியது. ஆங்கிலத் தளம் மலாயைப் பார்த்து எழுதியது. எங்கள் தமிழ்ப் பத்திரிகை இருக்கிறதே, பேசிய பேச்சு தமிழ், நடந்த இடம் அவர்கள் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம், அவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்துப் போட்டார்கள். 'லோரி ஓட்டுநர்கள் கொலைக்கு உடந்தை: எதிர்க்கட்சி ஒய்பி சாடல்.' முதல் பக்கம். போர் என்ற சொல் தலைப்பில் எங்கேயும் இல்லை. உள்ளே தேடினால் கடைசிப் பத்தியில் ஒரு ஓரமாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கூத்துதான். வானொலியில் நேயர்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியது, உழைப்பாளிகளை அவமதித்தவர் என்று. இன்னொன்று லோரிக்கு முன்னால் இவர் கொம்பு முளைத்து நிற்கிற மாதிரிப் படம் போட்டது. போரில் ஒரு பக்கத்துக்காரர்கள் இவர் அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். ஆளுங்கட்சி இளைஞர்கள் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, புகார்ச் சீட்டைப் பிடித்தபடி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கட்சித் தலைமை தொலைபேசியில் கூப்பிட்டு, உடனே தெளிவுபடுத்துங்கள் என்றது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தை நடத்தியவர்கள் பேச்சை முழுசாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நான் எதுவும் கேட்காமலேயே மறுப்பு எழுதிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையிலேயே உண்மையான மறுப்பு அது ஒன்றுதான். திரித்துக் கூறப்பட்டுள்ளது என்று எழுதும்போது முதல் தடவையாக அது நிஜமாகவே திரித்துக் கூறப்பட்டிருந்தது.

“இது நீங்க சொன்னதே இல்ல ஒய்பி. இதுக்காவது போடலாம்லா.”

“போட்டா பேப்பர்ல என்ன தலைப்பு வரும், நீயே சொல்லு.”

எனக்குத் தெரியும். அவரே சொன்னார்.

“ஒய்பி பின்வாங்கினார்னு வரும். எதுல இருந்துன்னு எவன் படிப்பான்? போர் வேணாம்னு சொன்னதையே வாபஸ் வாங்கிட்டான்னு ஆயிடும். அந்த ஒண்ணச் சொல்லத்தான் நான் அங்க போனேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்லவர்களிடம் வேலை பார்ப்பது மாதிரி ரோதனை வேறு கிடையாது. கெட்டவன் என்றால் நாம் சொல்வதைக் கேட்டுப் பிழைத்துக்கொள்வான். படிக்கட்டில் நிருபர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்களைக் கொலைகாரர்கள் என்றீர்களா இல்லையா என்று ஒரே கேள்வி. இவர், என் பேச்சு முழுசாக இருக்கிறது, உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள் தம்பி என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மறுநாள் 'ஒய்பி மழுப்பல்' என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போக வேண்டாம் என்றேன். மணியம் காத்திருப்பான் என்றார். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். கார் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. மேசைக்குத் தேநீர் வரவில்லை. கடையில் இருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மணியம் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய மகள் படிக்கிற பள்ளியில் பிள்ளைகள் 'கொலைகார லோரி' என்று கேலி செய்திருக்கிறார்கள். அது அவருக்குள் எரிந்துகொண்டிருந்தது.

“நீ அப்படிச் சொன்னியாடா?”

நாற்காலியை இழுக்கப் போன இவர் கையை எடுத்துக்கொண்டார்.

“சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லு. இவனுங்க முன்னாடி சொல்லு. இத்தோட முடிச்சிடறோம்.”

எனக்கோ, சொல்லிவிடுங்கள், இது பத்திரிகை இல்லை, இங்கே தலைப்பு போட ஆள் இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. இவர் மணியம் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “போர் வேணாம்னு சொன்னேன்டா,” என்றார். மணியம் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து லோரியில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது நான் அழுதுவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே என்று திட்டினேன். முதலாளி என்றும் பார்க்கவில்லை. அவர் சந்தில் வழக்கம் போல் அகலமாகத் திரும்பி, நேராக்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஊரு கேக்கட்டும், பேப்பர்காரன் கேக்கட்டும். மணியம் கேக்கலாமா? ஒரே கேபின்ல படுத்துத் தூங்கினவங்க நாங்க.”

நான் போய் அண்ணனிடம் விளக்கிச் சொல்கிறேன் என்றதற்கு, போகக் கூடாது என்றுவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பிறகு அந்த வருஷத் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு ஒய்பிகள் திறந்த இல்ல உபசரிப்பு வைப்பது இங்கே வழக்கம். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யார் வேண்டுமானாலும் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகலாம். முந்தைய வருஷங்களில் சாலை அடைத்துப் போகும் கூட்டம். அந்த வருஷம் வேண்டாம் என்று கட்சிக்காரர்களே சொன்னார்கள். கூப்பிட்டுப் பழகிவிட்டேன், வருகிறவர்கள் வரட்டும் என்று வைத்தார். பிரியாணி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், முறுக்கு எல்லாம் வழக்கமான அளவுக்குச் சொல்லியிருந்தார். காலையிலேயே ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அடுத்த வரிசையிலிருந்து ஒரு சீனக் கிழவர் வந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம் வந்தது. மகன் வந்து சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனான். தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. தட்டு நகர வேண்டுமே என்று நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு வந்து நடுவில் இருந்த மேசையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் மட்டும் வந்தார். சாப்பிடுங்கள் தம்பி என்று இவர் கையைப் பிடித்து அழைத்தார். அவர் காலி நாற்காலிகளைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் 'வெறிச்சோடிய ஒய்பி உபசரிப்பு' என்று வந்தது. பத்திரிகையை அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். படத்தைப் பார்த்தார். “ஆமா, யாரும் வரலதானே,” என்று மடித்து வைத்தார். இதற்கும் மறுப்பு இல்லை.

அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. மையத்தைக் காலி செய்தோம். நான் வேறு வேலைக்குப் போனேன். அவர் கிள்ளான் வீட்டை விட்டு ரவாங்கில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் அவ்வளவு தூரம் என்றால், அங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்றார். சொல்லும்போது நிம்மதியாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது, ஆனால் எனக்கு அது நிம்மதியாகப் படவில்லை. மனிதர்களோடு பேசியே வாழ்ந்த ஆள். எப்போதாவது கொமுட்டர் ரயில் ஏறிப் பார்க்கப் போவேன். நான் வருகிற ரயிலுக்கு ரொம்ப முன்னாலேயே ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கட்டும் என்று போட்டு வைத்திருப்பாராம். கிளம்பும்போது மட்டும் மணியம் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். நன்றாக இருக்கிறாராம் என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், ஒரு போன் அடியுங்களேன் என்றேன். எண் மறந்துவிட்டது என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

ஒரு நாள் காலையில் அவர் மகன் கூப்பிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அன்றைக்கே தமிழ்ப் பத்திரிகையிலிருந்து ஒரு இளம் நிருபர் பேசினார். பழைய ஆள் இல்லை, புதுசு. நல்லபடியாக எழுத வேண்டும் அக்கா, நல்ல படம் ஒன்று அனுப்புங்கள் என்றார். குரலில் மரியாதை இருந்தது. அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். போருக்கு எதிராக ஒலித்த துணிச்சலான குரல் என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்று படித்துக்கொண்டே போனால், 'ஓட்டுநர்களைத் தாம் அவ்வாறு கூறவில்லை என்று பின்னர் மறுத்து வருத்தம் தெரிவித்த அன்னார்' என்று இருந்தது.

உடனே அந்த நிருபரைக் கூப்பிட்டு, அவர் மறுத்தார் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல அக்கா. செத்த மனுசன் பேரு கெட்டுப்போய்க் கிடக்கக் கூடாதேன்னு நான்தான் சேர்த்தேன். நல்லதுக்குத்தானே அக்கா?”

திருத்தம் போடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, என்னவென்று போடுவது அக்கா, மறுக்கவில்லை என்றா, படிக்கிறவர்களுக்குத் தப்பாகத் தெரியாதா என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அந்தப் பையன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

ரவாங் வீட்டுக்குப் போனால் தெரு அடைத்திருந்தது. உபசரிப்புக்கு வராத கூட்டம் சாவுக்கு வந்திருந்தது. மலர் வளையங்களை வைக்க இடம் இல்லை. நிருபர்கள் இருந்தார்கள். பெரிய சாலையில், பின்பெட்டி கழற்றிய லோரிகள் ஓரமாக நின்றன. மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் பாருங்கள் ஆன்டி என்று அழுதான். பாவம், அவனுக்கு அது பெரிய ஆறுதல். அன்றைக்கு நான் அவ்வளவு கேட்டும் அவர் சொல்லாத அந்த ஒரு வார்த்தையைப் பத்திரிகை சொல்லிவிட்டது, கூட்டம் வந்துவிட்டது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் என்று நான் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் எனக்குச் சந்தோஷமே இல்லை.

கூடாரத்தின் ஓரத்தில் மணியம் அண்ணன் நின்றார். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“தங்கச்சி, பேப்பர் பார்த்தேன். அவன் அப்பவே மறுத்திருக்கான். எனக்கு ஒருத்தனும் சொல்லல பாரு. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவருக்கு. பக்கத்தில் இருந்த ஒய்பியின் மகன் என்னைப் பார்த்தான். விட்டுவிடுங்கள் ஆன்டி என்று கண்ணாலேயே கெஞ்சினான். விட்டுவிடலாம். அண்ணன் நிம்மதியாக அழுதுவிட்டுப் போவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. உள்ளே சவப்பெட்டியில் கிடக்கிறவரைத் தவிர யாருக்கும் இல்லை. அவரால் இனி எழுந்து வந்து, இல்லை, நான் மறுக்கவில்லை என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் யாரும் வராத வீட்டில், சத்தம் இல்லாத தொலைக்காட்சியோடு உட்கார்ந்திருந்து காப்பாற்றி வைத்ததை, போகிற நாளில் ஒரு நல்ல பையன் நல்ல எண்ணத்தில் பிடுங்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“பேப்பர்ல வந்தது தப்பு அண்ணே,” என்றேன். “அவர் மறுக்கல. வருத்தமும் தெரிவிக்கல. அவர் உங்களைச் சொல்லவும் இல்ல. அந்தப் பெட்டிய நான் ஓட்டியிருந்தா எனக்கும் பங்குன்னு தன்னைத்தான் சொன்னார். நான் அங்க இருந்தேன்.”

மணியம் அண்ணன் முகம் மாறியது. சுற்றி நின்ற ஓட்டுநர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அதை அன்னைக்கு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு அவனுக்கு?”

“நீங்க கேக்க மாட்டீங்கன்னு நம்பிட்டார்.”

அவர் என்னையே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். கூட வந்த ஓட்டுநர்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு லோரிகளை நோக்கி நடந்தார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை.

உள்ளேயிருந்து தூக்கக் கூப்பிட்டார்கள். உறவுக்காரப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மணியம் அண்ணன் அசையாமல் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தலைமாட்டில் நின்ற பையனின் தோளைத் தொட்டு நகர்த்தினார்.

“எனக்கு இன்னும் கோவந்தான்,” என்றார், யாரையும் பார்க்காமல். “கோவத்தோடயே தூக்கறேன்.”

தூக்கினார்.